அப்பாவும் மகளும் அடுக்கிய சதுரக் கட்டைகள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், சங்கரன்கோவில் கோமதி அம்மனை நினைப்பேன். "உனக்கு எதுக்குட்டி இந்த வம்பு" என்று அம்மனே சொன்ன மாதிரி இருக்கும். பேனாவை மூடிவிட்டு அரிசி களையப் போய்விடுவேன். அம்மன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். என் சோம்பேறித்தனம்தான் அவள் குரலில் பேசியிருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில், அறைக்குள் நடப்பது அறையைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சட்டம் என் வாயில் பூட்டாகத் தொங்கிக்கொண்டே இருந்தது.

போன மாதம் எங்கள் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் சின்னப் பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பிள்ளையைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தால் அதுவே கேள்வி கேட்டு, அதுவே நேரம் பார்த்து, அதுவே மார்க்கும் போட்டுவிடுகிறதாம். "உங்க காலத்துல எப்படி ஆன்ட்டி?" என்றார்கள். "அந்த வேலையெல்லாம் நானும் எங்க மிஸ்ஸும்தாம்மா பாத்தோம், கரண்டு இல்லாம" என்றேன். சிரித்தார்கள். அவர்கள் போனதும், சின்ன வயசில் எங்களிடம் புத்திச் சோதனைக்கு வந்த செண்பகத்துக்குப் போன் போட்டு, உன் கதையை எழுதட்டுமா என்று கேட்டேன். "எங்க அப்பா கதைன்னு எழுதுங்க அக்கா. அப்படின்னா சரி" என்றாள். சம்பந்தப்பட்டவளே சொன்ன பிறகு எனக்கென்ன?

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஒரு பஸ் கண்டக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய் தாராவிக்கு வந்து சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், பிள்ளைகளின் புத்தியைச் சோதித்துப் பார்க்கிற ஆபீஸ் ஒன்று இருந்தது. தாராவிப் பிள்ளைகளோடு தமிழ் பேசத் தெரிந்த, அதிகம் வாய் பேசாத பெண் ஒருத்தி தேவை என்று கோயிலில் ஒரு மாமி சொன்னார். போய் நின்றேன், வேலை கிடைத்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "தமிழ் பேசணுங்கிறது சரி. ரெண்டாவது விஷயத்தை எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

பெயருக்கு ஆயா வேலை. ஆறேழு மாதம் சுவரோரம் நின்று சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் டிரெய்னிங். எங்கள் தலைவி பிரோஜா மிஸ். பார்சிக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சீமைக்குப் போய் மனசைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். பேச்சு பம்பாய் இந்தி. மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்ட தமிழும் கொஞ்சம் உண்டு. அந்தத் தமிழில் மரியாதை கிடையாது. கவர்னரே வந்தாலும் "உட்கார், பேசு" என்றுதான் சொல்வார். மனசில் ஒன்றும் இருக்காது.

சோதனை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். வேடிக்கை பார்க்காமல் இருக்கப் பிள்ளையின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். மேஜைமேல் பெட்டி. பெட்டிக்குள் ஒன்பது சதுரக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் சில பக்கம் சிவப்பு, சில பக்கம் வெள்ளை, சில பக்கம் குறுக்கே பாதிச் சிவப்பு பாதி வெள்ளை. ஒரு அட்டையில் கோலம் மாதிரி ஒரு வடிவம் இருக்கும். அதைப் பார்த்து அப்படியே கட்டைகளை அடுக்க வேண்டும். நான் சொல்ல வேண்டிய வார்த்தைகள் எழுதி ஒட்டியிருக்கும். "இந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே கட்டைகளை வை. முடிந்ததும் சொல்." அவ்வளவுதான். ஒரு சொல் கூடக் கூடாது, குறையக் கூடாது. என் வாய் மூடிய நொடியில் மிஸ் கடிகாரத்தை அமுக்குவார். அதற்குப் பிறகு நான் தலையாட்டக் கூடாது, "ம்" சொல்லக் கூடாது, பிள்ளை தப்பாக வைத்தால் முகம் சுளிக்கக் கூடாது. முடிந்ததும் மிஸ் இந்தியில் "அச்சா" என்பார், "நல்லது" என்கிற மாதிரி. சரியென்றாலும் அதே அச்சா, தப்பென்றாலும் அதே அச்சா. குரலில் மயிரிழை வித்தியாசம் இருக்காது.

இந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு சேலை வாங்கிவந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் ஒரு சலனமும் இல்லாமல் "அச்சா" என்றேன். "புடிச்சிருக்கா இல்லையா, அதைச் சொல்லு! இது என்ன, டிக்கெட் கேட்டா சில்லறை இல்லைங்கிற மாதிரி ஒரு மூஞ்சி!" என்று கத்தினார்.

ஆரம்பத்தில் நான் ஒரு காரியம் செய்வேன். பயந்துபோய் வருகிற பிள்ளைகளின் நெற்றியில், அம்மனை நினைத்துக் கொஞ்சம் விபூதி பூசி உள்ளே அனுப்புவேன். ஒரு நாள் மிஸ் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை.

"கோமதி, இது என்ன?"

"சாமி விபூதி மிஸ். புத்தி நல்லா வேலை செய்யும்."

"வேலை செய்யுமா?"

"கட்டாயம் செய்யும் மிஸ்."

"அப்படின்னா எல்லாருக்கும் பூசு. முஸ்லிம் பிள்ளைக்கும் பூசு, கிறிஸ்தவப் பிள்ளைக்கும் பூசு. இல்லேன்னா யாருக்கும் பூசாதே. ஒரு பிள்ளைக்கு மட்டும் குடுத்தா, மார்க் பிள்ளையோடதா சாமியோடதா, நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அன்றோடு விபூதி நின்றது. அதற்குப் பதில் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாழைப்பழம் என்று ஏற்பாடு செய்தார். கீழே ஹோட்டல். தோசை வாசனை மாடிவரை வரும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளைக்குச் சிவப்பும் வெள்ளையுமா தெரியும்? தோசையும் சட்னியுமாகத்தான் தெரியும்.

கேள்விகளில் ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். "தண்ணீர்க் குழாய் ஒன்று திறந்தபடி ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ என்ன செய்வாய்?" மூடுவேன் என்று சொன்னால் மார்க். மாட்டுங்காப் பிள்ளைகள் எல்லாரும் மூடினார்கள். தாராவியிலிருந்து வந்த ஒரு பொடியன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "எங்க? எங்க ஓடுது? எங்கம்மாட்ட சொல்லிக் குடம் எடுத்திட்டு வருவேன்! பக்கத்து வீட்டுக்கும் சத்தம் குடுப்பேன்!" என்றான். மிஸ் "அச்சா" என்று சொல்லிப் பூஜ்யம் போட்டார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்து அவன் பதிலை அப்படியே எழுதி வைத்துக்கொண்டார். அவன் போனதும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "மார்க் பூஜ்யம் கோமதி. புத்தி பூஜ்யம் நஹி" என்றார்.

சில வருஷத்தில் இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. தாராவியில் ஒரு வீட்டில் மூத்தவன் வந்தால் ஒரு மாதிரி செய்வான். ரெண்டு மூன்று வருஷம் கழித்து அதே வயசில் தம்பி வந்தால் அண்ணனைவிட நன்றாகச் செய்வான். ஊரில் பிறந்து வந்த பிள்ளையைவிட இங்கேயே பிறந்த பிள்ளை மேலே நிற்கும். எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் பல வீட்டில். மிஸ் முதலில் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கினோம். கடிகாரத்தில் குற்றமில்லை. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே சந்து. அதற்குள் புத்தி எங்கிருந்து கூடிற்று? இதை நான் எங்கள் குழாயடியில் பேர் ஊர் சொல்லாமல் பொதுவாகப் பேசியபோது, செண்பகத்தின் அம்மா பேச்சியம்மாள் மதினி சொன்னாள்: "இப்படியே போனா என் பேரன் பொறக்கும்போதே பிரசவத்துக்கு வந்த நர்சுக்கு லீவு எழுதிக் குடுப்பான்."

பேச்சி மதினியின் வீட்டுக்காரர் பலவேசம். நான் அண்ணாச்சி என்பேன். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஹெல்பர். தொழிலாளர் பெண் பிள்ளைகளுக்காக அந்தத் தொழிற்சாலையில் ஒரு தர்ம நிதி இருந்தது. வருஷத்துக்கு ஒரு பெண்ணுக்கு மாட்டுங்காவில் பெரிய பள்ளிக்கூடத்தில் மெட்ரிக் வரைக்கும் படிப்பு. யாருக்கு என்று சோதித்துச் சொல்வது பிரோஜா மிஸ். கையெழுத்துப் போடுவது தொழிற்சாலையின் லேபர் ஆபீசர் விசுவநாதன் சார். அந்த வருஷம் செண்பகமும் வந்தாள். முனிசிபல் பள்ளியில் கடைசி வகுப்பு அவளுக்கு. இந்த இடம் கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து வீட்டோடு இருந்து தம்பி முத்துவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மதினி அப்பளம் உருட்டப் போவாள். இதுதான் ஏற்பாடு. செண்பகத்துக்கும் அது தெரியும்.

அவள் கட்டை அடுக்கியதை நான் மறக்கவே மாட்டேன். மற்றப் பிள்ளைகள் கட்டையை எடுக்கும், வைக்கும், திருப்பும், கலைக்கும். இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கடிகாரம் ஓடுகிறதே, தொடுட்டி, தொடுட்டி என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருக்கிறேன். அப்புறம் இடது கீழ் மூலையில் ஆரம்பித்து ஒன்பதையும் ஒரே மூச்சில் வைத்தாள். வைத்ததைத் திரும்பத் தொடவில்லை. வந்த பெண்களில் அவள்தான் முதல்.

மறுநாளே விசுவநாதன் சார் ஆபீசுக்கு வந்துவிட்டார். மாட்டுங்காக்காரர். தங்கமான மனுஷர், ஆனால் தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறை உத்தியோகப் பெருமையைச் சட்டைப்பையில் பேனாவோடு சேர்த்துக் குத்தியிருப்பார்.

"மிஸ், இந்தப் பொண்ணோட அப்பாவை ஆபரேட்டர் வேலைக்கு நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன். எழுத்தே இல்லாத படப் புஸ்தகம்தான், படிப்பில்லேன்னு சாக்குச் சொல்ல முடியாது. ஹால்லயே அவன்தான் கடைசி. அவனுக்கு இப்படி ஒரு பொண்ணா? ரத்தம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீயும் தாராவியா?"

"ஆமா சார்."

"இந்தப் பொண்ணாத்துக்கும் உங்காத்துக்கும் எவ்வளவு தூரம்?"

"மூணு வீடு சார்."

"ஓஹோ."

அந்த ஒரு ஓஹோவில் என் வேலை, மானம், செண்பகத்தின் படிப்பு எல்லாம் சேர்ந்து ஆடிப்போயிற்று. கேள்வியை முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்கிறார்!  மிஸ் அசையவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். சமீபத்தில் கப்பலில் வந்தது. வேறு அட்டைகள், வேறு கேள்விகள். கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. கத்தரிக்கோலை சார் கையில் கொடுத்தார்.

"நீயே பிரி. நீயே தமிழ் பேசு. கோமதி பேச மாட்டா."

அப்படியே செண்பகத்தைத் திரும்ப அழைத்தோம். நான் கண்ணால் ஜாடை காட்டிவிடக் கூடாதென்று, சார் என்னை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன். காதில்தான் எல்லாம்.

"தராசுக்கும் கடிகாரத்துக்கும் என்ன ஒற்றுமை?" சாருடைய குரல்.

 அப்புறம் செண்பகத்தின் குரல். "ரெண்டும் அளக்கும் சார். அது எடையை அளக்கும், இது நேரத்தை அளக்கும்."

"பேஷ்!" என்றார் சார். மேஜையில் பென்சில் டக்கென்று விழுகிற சத்தம்.

"மிஸ்டர் விசுவநாதன், நோ பேஷ்!"

"சாரி மிஸ்."

அடுத்த கேள்விக்கு, "பலே, பலே" என்றார். திரும்பவும் பென்சில். அந்தச் சோதனை முடிவதற்குள் மிஸ் அவரை எத்தனை தடவை அதட்டினார் என்று என்னால் எண்ண முடியவில்லை. சுவரைப் பார்த்தபடி நான் சேலை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று சாருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கும்.

செண்பகம் திரும்பவும் மேலேதான் நின்றாள். என் மேலிருந்த சந்தேகம் போயிற்று. சார் என்னிடம், "தப்பா நெனச்சுக்காதேம்மா" என்றும் சொன்னார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

"பொண்ணு கெட்டிக்காரி, ஒத்துக்கறேன். அப்போ அப்பன்? ரெண்டு டெஸ்ட்டுல ஏதோ ஒண்ணு பொய். எது பொய்னு தெரியாம டிரஸ்டுக்கு நான் என்ன எழுதறது?"

"சரி. அப்பாவைக் கூப்பிடு" என்றார் மிஸ்.

சாயங்காலம் இதைச் சொல்லப் போனேன். அண்ணாச்சி முத்துவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

"நான் வரல தங்கச்சி. ஒரு தடவை உக்காந்து பட்டது போதும். புள்ள ஜெயிச்சு வச்சிருக்கு. நான் போய் அதைத் தோத்துக் குடுக்கவா?"

மதினி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "போய் உக்காருங்க. உங்களைக் கட்டையத்தான அடுக்கச் சொல்லுதாக, மலையவா தூக்கச் சொல்லுதாக? தோத்தா எனக்கு நல்லதுதான். சின்னவனைப் பாக்க வீட்டுல ஆள் இருக்கும்."

"உங்கம்மா பேசுத பேச்சைப் பாத்தியாட்டி" என்றார் அண்ணாச்சி. செண்பகம் தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தம்பி ஏறிய அந்த இடுப்பைப் பார்த்தார் மனுஷர். "சரி, வாரேன்" என்றார்.

தோற்றால் நல்லது என்று சொன்ன அதே மதினி, மறுநாள் விடிந்ததும் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்ததை என் கண்ணால் பார்த்தேன். என்னைப் பார்த்ததும், "தேங்கா அழுகிப் போயிரும்னு உடைச்சேன்" என்றாள். நானும் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

அண்ணாச்சி துவைத்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லும்வரை நின்றார், உட்கார்ந்தும் நாற்காலியின் நுனியில்தான் இருந்தார். வாழைப்பழம் கொடுத்தேன். "எனக்குமா?" என்றார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே. இந்தத் தடவை தமிழ் பேசுவது நான், மூலை விசுவநாதன் சாருக்கு. ஆனால் அவரைச் சுவர் பார்க்க வைக்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லி வாயை மூடினேன். மிஸ் கடிகாரத்தை அமுக்கினார். அண்ணாச்சி கட்டையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சார் மூலையில் பெருமூச்சு விட்டார். பயத்தில் உறைந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். தாயே, ஒரு கட்டையையாவது தொடச் சொல்லு என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். அப்புறம் அவர் கை நீண்டது. இடது கீழ் மூலை. ஒன்று, அடுத்தது, அடுத்தது. ஒன்பதும் ஒரே மூச்சில். வைத்ததைத் திரும்பத் தொடவில்லை.

"முடிஞ்சிட்டு" என்றார்.

"அச்சா" என்றார் மிஸ்.

அடுத்த அட்டை. அதே மாதிரி. அதற்கடுத்தது. அதே மாதிரி. மகளே உட்கார்ந்து அடுக்குகிற மாதிரி இருந்தது. செண்பகத்தின் முதல் சோதனையை நான் பார்த்திருக்கிறேன், இரண்டாவதை சார் பார்த்திருக்கிறார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது சட்டம், ஆனாலும் ஓரக்கண்ணால் பார்த்தேன். மூலையில் சார் எழுந்தே நின்றுவிட்டார்.

சரி, அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்தது வாய்க் கேள்விகள்.

"தராசுக்கும் கடிகாரத்துக்கும் என்ன ஒற்றுமை?"

"தராசு ரேஷன் கடையில இருக்கு. கடியாரம் சார் கையில இருக்கு."

கேள்வியை ஒரு தடவை திரும்பக் கேட்கலாம். கேட்டேன். அண்ணாச்சி நன்றாக யோசித்தார். நெற்றியில் வேர்வை. தன் மகளுடைய பள்ளிக்கூடம் இந்தக் கேள்வியில் தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். கடைசியில் சொன்னார்:

"ரெண்டும் நம்ம கையில இல்ல."

மிஸ்ஸின் பேனா ஒரு நொடி நின்றது. "அச்சா." பூஜ்யம் போட்டார். அப்புறம் அந்த இன்னொரு தாளை எடுத்தார். மூலையிலிருந்து பேஷும் வரவில்லை, பலேயும் வரவில்லை. இதே மாதிரிக் கேள்விகள் இன்னும் சில. படகுக்கும் பஸ்ஸுக்கும் என்ன ஒற்றுமை என்றால், படகில் டிக்கெட் கிழிக்க மாட்டான் என்றார். எதைக் கேட்டாலும் அது எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது, எதற்கு உதவும் என்றுதான் சொன்னார். எல்லாம் உண்மை. ஒன்றுக்கும் மார்க் இல்லை.

சோதனை முடிந்து பெட்டியை மூடியபிறகு, மிஸ் என்னைக் கேட்கச் சொன்னார். "தொழிற்சாலையில் வைத்த சோதனையில் என்ன நடந்தது?"

"முதல் பக்கம் முடிச்சேன். அடுத்ததுன்னு சார் சொல்லுவாகன்னு காத்திருந்தேன். சொல்லல. மணி அடிச்சிட்டாக."

"ஏன்யா, பக்கத்தைத் திருப்ப வேண்டியதுதானே!" என்று பாய்ந்து வந்தார் சார்.

"எங்க ஒர்க் ஷாப்ல உத்தரவு இல்லாம அடுத்த வேலையைத் தொட்டா மெமோ சார். நீங்கதான் குடுப்பீக."

"மத்தவாள்ளாம் திருப்பினாளே, பார்க்கலியா?"

"பாத்தேன் சார். பாவம், இத்தன பேருக்கும் மெமோ வரப்போகுதேன்னு நெனச்சேன்."

மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த ஹாலில் அத்தனை பேரில் அவர் போட்ட உத்தரவை மதித்த ஒரே ஆளைத்தான் கடைசியில் வைத்திருந்தார்.

அண்ணாச்சியை வெளியே அனுப்பிவிட்டு மிஸ் முடிவைச் சொன்னார். அப்பா நடு வரிசை. மகள் மேல் வரிசை. இரண்டும் உண்மை. கீழே ஹோட்டலிலிருந்து தேநீர் வந்திருந்தது. சார் விடவில்லை.

"மிஸ், ஒரே ஒரு கேள்வி. இதுல பிறவி எத்தனை பங்கு, வளர்ப்பு எத்தனை பங்கு?"

மிஸ் தன் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். "இந்தச் சாயில பால் ருசி எவ்வளவு, இலை ருசி எவ்வளவு? தனியா எடுத்துக் குடு. நான் சொல்றேன்."

"நான் காபிதான் குடிப்பேன்" என்றார் சார்.

மிஸ் சிரித்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். கட்டையை இப்படிப் பார்த்து இப்படி அடுக்குவது அப்பாவிடமிருந்து மகளுக்கு வந்திருக்கலாம். கூடவே இருந்து வளர்ந்ததாலும் வந்திருக்கலாம். இரண்டே பேரைப் பார்த்துவிட்டுச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தராசையும் கடிகாரத்தையும் ஒரே ஜாதியாகப் பார்க்கிற பழக்கம் பள்ளிக்கூடமும் படமும் போர்டும் மேப்பும் பார்த்துப் பார்த்து வருவது. அந்தப் பெண்ணை அப்படி யோசிக்கச் சொல்லித் தினமும் யாராவது கேட்டிருக்கிறார்கள். "இவனை வாழ்க்கையில யாருமே கேட்டதில்ல. இன்னிக்கு நாம கேட்டதுதான் முதல் தடவை" என்றார்.

விசுவநாதன் சார் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்த அண்ணாச்சியின் தோளில் கை வைத்து, "பொண்ணுக்கு இடம் கெடச்சாச்சு. அடுத்த வருஷம் ஆபரேட்டர் டெஸ்ட்டுக்கு நீயும் உட்காரு. பக்கத்தைத் திருப்புய்யா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். அண்ணாச்சி உட்கார்ந்தார், தேறினார். பக்கத்தைத் திருப்புவதிலேயே கண்ணாக இருந்து, ஒரு இடத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டாராம். அது தனிக் கதை.

அன்று வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "நல்லது. இனி சின்னவனை யார் பாக்க?"

"நான் பாக்கேன்" என்றார் அண்ணாச்சி. "ரெண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிடுதேன். காலையில நான், சாயங்காலம் நீ."

"நீங்க பாத்தா புள்ள உருப்பட்ட மாதிரிதான்."

அப்படித்தான் முத்து வளர்ந்தான். காலை நேரத்தில் தாராவிச் சந்துகளில் ஒரு ஆம்பளை தோளில் பிள்ளையோடு சுற்றினால் சும்மா விடுவார்களா? "என்ன பலவேசம், ஆயா வேலையும் பாக்கியா?" என்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். மிஸ் கேட்ட கேள்வி அவர் மண்டைக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. எதைக் கண்டாலும் பிள்ளையிடம் கேட்பார். "ஏலே முத்து, ரயிலுக்கும் குழாய்த் தண்ணிக்கும் என்னலே ஒத்துமை?" பிள்ளை மழலையில் "ரெண்டும் லேட்டா வரும்" என்பான். தெருவே சிரிக்கும். பிறகு தெருப் பிள்ளைகள் எல்லாம் இதை ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள். கடைசியில் எங்கள் ஆபீசில் அந்த மாதிரிக் கேள்விக்குத் தாராவியிலிருந்து வரும் பிள்ளைகள் நாங்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். மிஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். தராசுக் கேள்வியையே எடுத்துவிட்டு வேறு போட வேண்டியதாயிற்று.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் முத்து சோதனைக்கு வந்தான். வயசுக்குத் தக்கபடி பார்த்தால் அக்காவைத் தாண்டிவிட்டான். செண்பகம் அப்போது மெட்ரிக் நெருங்கிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"அவனுக்கென்ன. அவனோட காலையெல்லாம் நீங்க இருந்தீங்க. கேள்வி கேட்டுக் கேட்டு வளத்தீங்க. எங்கூட இருந்தீங்களா?"

அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பொத்தானைப் போட்டபடியே சொன்னார்:

"உனக்காகத்தானேட்டி அவனோட இருந்தேன்."

செண்பகம் போய் அவருடைய சாப்பாட்டுத் தூக்கை எடுத்துவந்து கையில் கொடுத்தாள்.

என் கதை இவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். படித்து முன்னுக்கு வந்த செண்பகத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், பம்பாய் வந்ததால்தான் அந்தப் பிள்ளைக்குப் புத்தி வந்தது என்கிறார்கள். அப்பா அடுக்கிய கட்டைகளை விட்டுவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள் எல்லாம் எங்கள் ரத்தம் என்கிறார்கள். அப்பாவால் சொல்ல முடியாத பதிலை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். விசுவநாதன் சாரைக் கெட்டவராக்காதீர்கள், என்னைப் பெரிய மனுஷியாக்காதீர்கள். பலவேசம் அண்ணாச்சி சொன்ன பதிலை அவர் சொன்னபடியே சொல்லுங்கள். அதற்குப் பூஜ்யம் போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், அவருக்காக இரக்கப்பட்டு ஒரு மார்க் கூட்டவும் வேண்டாம்.